மூலைக்காலில் கட்டிய துணி

போன வாரம் என் சட்டைக் காலருக்குள் தேங்காய் நார் விழுந்தது.

இதையெல்லாம் பேப்பரில் எழுதுவதா என்று கேட்பீர்கள். பொறுங்கள்... அந்த நார் விழாமல் போயிருந்தால், இந்த வாரம் நான் எழுதியிருக்க வேண்டியது ஒரு துக்கச் செய்தி.

ராஜபாளையத்தில் என் அக்கா புருஷன் காதர் ராவுத்தர் பஞ்சுக்கு ஒரு கோடவுன் கட்டுகிறார். சுவர் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. இனி மூங்கில் சாரம் கட்டி, அதன் மேல் நின்றுதான் வேலை. "வந்து பாரு மாப்ள" என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார். ரயில் இன்னும் எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாட்டு வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கி, வெயிலுக்குப் பயந்து சாரத்தின் கீழே ஒதுங்கினேன். அங்கேதான் நார் விழுந்தது.

அண்ணாந்து பார்த்தேன். மூலைக்காலும் குறுக்குக் கம்பும் சேரும் இடத்தில் ஒரு கட்டு. கயிறு கறுத்து, இற்று, பாதிப் புரி பிய்ந்து தொங்குகிறது. மற்ற கட்டுகளில் எல்லாம் புதுக் கயிறு! மழை விட்டதும், இங்கே வேலையை எடுத்து நடத்தும் சீனிக் கொத்தனார் ஒவ்வொன்றாக அவிழ்த்து மாற்றியிருக்கிறார். இந்த ஒன்றை மட்டும் ஏன் விட்டார்?

அந்தக் கட்டோடு ஒரு துணி முடிச்சுப் போட்டிருந்தது. மழையும் வெயிலும் பட்டு நிறமே தெரியாமல் வெளுத்த துணி.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதே மூலையில், கீழ்க் கம்பில், ஒரு தூளி. உள்ளே கைக்குழந்தை தூங்குகிறது. கொத்தனாரின் மகள் காளியம்மாவின் பிள்ளை. அவள் காரைச் சட்டி சுமந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, பிள்ளைய இங்கயா போடுவ?"

"இந்த மூலையிலதான் ஐயா சாமித் துணி கட்டிருக்கு. பிள்ளைக்குக் காவலா இருக்கும்லா?"

தூளிக்கு நேர் மேலேதான் அந்த இற்ற கட்டு. கொத்தனாரைக் கூப்பிட்டுக் கயிற்றைக் காட்டினேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இத்துப்போனது தெரியும் ஐயா. ஆனா கால் நட்ட அன்னைக்கு ஒங்க பள்ளிவாசல் லெப்பை வந்து ஓதுனாவ. அவிய கட்டுன துணி. நாங்க அவுத்து, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா? மொதலாளி மனசு நோகும்லா?"

நேரே மச்சானிடம் போனேன். அவரும் குரலைத் தாழ்த்தினார்.

"பேசாம இரு மாப்ள. அது கொத்தனார் சாமி கும்பிட்டுக் கட்டுனது. அவிய நம்பிக்கையில நாம கை வைக்கலாமா? பொறவு மனுசன் வேலையப் போட்டுட்டு சொந்த ஊரு புதுப்பட்டிக்குப் போயிருவாரு."

என்ன மரியாதை, என்ன மரியாதை! ஒருவர் நம்பிக்கையை மற்றவர் மதிப்பதில் எனக்கும் பெருமைதான். அதற்காக ஒரு குழந்தையின் தலைக்கு மேலேயா மதிப்பது? கவர்மெண்டு கட்டடம் என்றால் ஓவர்சியர் வந்து சத்தம் போடுவார். இங்கே கூச்சம்தான் ஓவர்சியர்.

எனக்குக் கோபம் வந்தால் நாகரிகம் தெரியாது. இரண்டு பேரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து அந்த மூலையில் எதிரெதிரே நிறுத்தினேன்.

"இந்தத் துணி யாரோடது? சத்தமாச் சொல்லுங்க."

"ஒங்களதுலா மொதலாளி?" என்றார் கொத்தனார்.

"ஒங்களது இல்லையா?" என்றார் மச்சான்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காளியம்மா நிற்கவில்லை. காரைச் சட்டியைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, தூளியிலிருந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு விலகினாள்.

கொத்தனார் சாரத்தில் இருந்தவர்களை இறங்கச் சொன்னார். சுவரில் ஏணியைச் சாய்த்து ஏறினார். மேலே அவர் "முருகா" என்றார். கீழே மச்சான் "பிஸ்மில்லா" என்றார். முடிச்சை அவிழ்க்க வேண்டிய வேலையே இருக்கவில்லை... தொட்டதும் கயிறு துணியோடு கையில் வந்தது. குறுக்குக் கம்பு சரிந்தது. அதன் மேல் கிடந்த பலகை, பலகையில் அடுக்கியிருந்த செங்கல் – எல்லாம் ஒரே சத்தத்தில் இறங்கின. புழுதி அடங்கியபோது தூளி செங்கலுக்கு அடியில் கிடந்தது.

காளியம்மா அழவில்லை. பிள்ளையின் உச்சந்தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். மச்சான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

சரி, அந்தத் துணி யாருடையது?

சத்தம் கேட்டு வண்டிக்காரர் மாடசாமி ஓடிவந்தார். அப்போது சுண்ணாம்பு இறக்கிக்கொண்டிருந்தவர். முன்பு கூமாப்பட்டியிலிருந்து மூங்கில் ஏற்றிவந்தவரும் அவர்தான். கொத்தனார் கையிலிருந்த துணியை வாங்கி விரித்துப் பார்த்தார்.

"ஏலே சீனி, இது என் தலப்பாக் கிழிசல்லா! மூங்கி வண்டிக்குப் பின்னால எம்புட்டு நீட்டிக்கிட்டு இருந்துச்சு... பின்னால வாறவன் கண்ணுல குத்திறப்படாதுன்னு கட்டுனேன். நீங்க அத அவுக்காமலேயா கால் நட்டீங்க?"

யாருக்கும் அடிபடக்கூடாது என்று ஒரு மனிதர் யோசித்துக் கட்டிய துணி. அதைப் பார்த்துத்தான் இத்தனை பேர் யோசிப்பதை விட்டிருக்கிறோம். கயிறு இற்றது கொத்தனாருக்கும் மச்சானுக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கத்தான் வாய் வரவில்லை. கேட்டால் மனசு நோகுமாம். மனசு நொந்தால் ஒரு வாய் காப்பி கொடுத்து ஆற்றிக்கொள்ளலாம். மண்டை உடைந்தால்?

சாயங்காலத்துக்குள் சாரம் முழுவதையும் பிரித்துக் கட்டினார்கள். எந்தக் கட்டுக்கும் விலக்கு இல்லை, மழை பெய்தால் அத்தனையையும் மாற்ற வேண்டும் என்று மச்சான் எல்லார் முன்னாலும் சொன்னார். மூலைக்காலில், கயிற்றுக்குச் சம்பந்தமில்லாத உயரத்தில், கொத்தனார் ஒரு மஞ்சள் துணி கட்டினார். லெப்பை வந்து ஓதி ஒரு பச்சைத் துணி கட்டினார். இந்த முறை எது யாருடையது என்று தெருவுக்கே தெரியும்.

வண்டி ஏறப் போகும்போது தூளியைத் தேடினேன். கட்டடத்தை விட்டுத் தள்ளி, வேப்பமரத்துக்குப் போயிருந்தது.

"சாரத்துலதான் இப்போ ரெண்டு துணி இருக்கேம்மா?" என்றேன்.

"அது கம்புக்குக் காவலா இருக்கட்டும் ஐயா" என்றாள் காளியம்மா.