பச்சை வலைநூல்

என் வாழ்நாளில் உண்மை பேசியதற்காக எனக்குக் கிடைத்த ஒரே பரிசு ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆரஞ்சு நிறக் கிரீம். இன்றைக்கும் கடையில் அதைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அம்மா ராயபுரத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் தொழில் செய்பவரின் வீடு அது. அந்த வீட்டுச் சமையலறை, திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த மொத்த வீட்டையும்விடப் பெரியது. அப்பா எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. எங்கள் அடுப்பு எரிந்ததே அந்த ஒரு வீட்டு வேலையால்தான்.

அம்மா பிறந்தது காசிமேட்டில், வலை பின்னுகிறவர்கள் வீட்டில். கடையில் விற்கும் தேய்ப்பான்களை அவள் மதிக்க மாட்டாள். தேங்காய் நாரைச் சுருட்டி, பச்சை நிற வலைநூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, கடைசியில் ஒரு முடிச்சுப் போடுவாள். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. நார் தேய்ந்து கரைந்து போனாலும் முடிச்சு அப்படியே இருக்கும். நானும் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். எங்கள் வீட்டில் பெருமைப்பட வேறு எதுவும் இல்லாததால் நான் அந்த முடிச்சைப் பற்றித்தான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன்.

ஒரு நாள் அந்த வீட்டுக்குப் பாத்திரம் கழுவும் மெஷின் வந்தது. வீட்டுக்காரர் துறைமுக ஏலத்தில் எடுத்தது. மெஷின் பழகும்வரை வந்து போ, அடுத்த மாதத்திலிருந்து வேண்டாம் என்று வீட்டம்மா அம்மாவிடம் சொன்னாள். நல்லவிதமாகத்தான் சொன்னாள். கூடவே ஒரு பழைய புடவையும் கொடுத்தாள்.

பத்தே நாளில் மெஷின் படுத்துவிட்டது. தண்ணீர் உள்ளே வரும், சுழன்று கழுவும், வெளியே மட்டும் போகாது. அழுக்குத் தண்ணீர் அடியில் தேங்கி நாற்றமடித்தது. தெருமுனை மெக்கானிக் வந்து, குனிந்துகூடப் பார்க்காமல், பம்பு போய்விட்டது, இந்தக் கம்பெனிப் பம்பு மெட்ராஸிலேயே கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா பழையபடி தேய்க்கப் போனாள். அடுத்த இரண்டு மாதமும் அவள் என்னை ஒரு அடிகூட அடிக்கவில்லை.

கெடுத்தது அவளுடைய வாய்தான். அம்மாவின் தம்பி, என் மாமா, எண்ணூர்ப் பக்கம் ஒரு ஆலையில் பம்பு பார்க்கிற வேலையில் இருந்தார். என் தம்பி காது வைத்தாலே எந்தப் பம்புக்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவான் என்று அம்மா வீட்டம்மாவிடம் வருடக்கணக்காக அளந்திருக்கிறாள். வீட்டம்மாவுக்கு ஒரு நாள் அது ஞாபகம் வந்தது. கூட்டிவா என்றாள். இல்லை என்று சொல்ல அம்மாவிடம் காரணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். மாமாவின் மடியில் ஸ்க்ரூடிரைவர் பை. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"டேய், முடிலன்னா முடிலன்னு சொல்லிட்டு வந்துடு. பேஜாரு பண்ணிக்காத."

"இன்னாக்கா நீ. என்னால முடியாதுன்ற பம்பு இன்னும் இந்த ஊருக்கு வர்ல."

அம்மா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனசில் இருந்ததை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று பிறகு பல வருடம் யோசித்திருக்கிறேன். தம்பியிடம் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கும். நான் வேறு இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

மாமா மெஷினை இழுத்துப் போட்டு, பின்பக்கம் திறந்து, ஓடவிட்டார். ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு என் காதிலும் வைத்தார். உள்ளே ஏதோ முனகியது.

"உயிரு கீது பாரு. மோட்டாரு சுத்தணும்னுதான் பாக்குது, எதுவோ புடிச்சுகினு வுட மாட்டேங்குது. அதை எடுத்துட்டா ஓடிடும்."

தொட்டியருகே நின்று தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. மறுபடி தேய்த்தது. எனக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை.

மாமா பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தேங்கிய தண்ணீரை மக்கால் மொண்டு ஊற்றினார். அடியில் இருந்த வடிகட்டியைத் திருகி எடுத்தார். அதற்குக் கீழே ஒரு சின்ன மூடி. அதையும் கழற்றி இரண்டு விரலை உள்ளே விட்டார். நான் அவருடைய செல்போனில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். பம்பின் இறக்கையைச் சுற்றி இறுகிக் கிடந்ததை அவர் மெல்ல உருவி எடுத்தார். பச்சை நூல், அதில் ஒரு சிட்டிகை நார், நூலின் நடுவே அந்த முடிச்சு.

வலை பின்னுகிற வீட்டில் பிறந்தவருக்கு அதை யார் போட்டது என்று தெரியாதா. வடிகட்டியைக் கழற்றி, மூடியைத் தூக்கி, கையால் வைத்தால் தவிர அது அங்கே போகாது என்பதும் தெரியும். அம்மாவின் முதுகை ஒரு முறை பார்த்தார். நூல் இருந்த கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் வெறுங்கையாக வந்தது.

வீட்டம்மா அப்போதுதான் காபியோடு வந்தாள். எங்களுக்கென்று தனியாக வைத்திருந்த டம்ளர்கள். அவை அந்த மெஷினுக்குள் போகாதவை.

"இல்லம்மா, மோட்டாரு காயிலு எரிஞ்சுட்ச்சு. ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் மாமா.

இருபது வருடப் பேரை ஒரே வாக்கியத்தில் அழித்துக்கொண்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும். மாமா தோற்றுவிட்டதாக வீட்டம்மா நினைக்கிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாமா, நீதான உயிரு கீதுன்ன. பையில கீதே, அதானே புடிச்சுகினு இருந்துச்சு," என்றேன். நான் விடவில்லை. "அது எங்கம்மா கட்டுற நூலு. அந்த முடிச்சு எங்கம்மாவத் தவிர யாருக்கும் போட வராது."

கர்வமாகத்தான் சொன்னேன்.

வீட்டம்மா கையை நீட்டினாள். மாமா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தேய்க்கும்போது நார் உதிர்ந்து போயிருக்கும் என்று ஏதோ முணுமுணுத்தார். அம்மா குழாயை மூடினாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாந்தாமா வெச்சேன்," என்றாள்.

அம்மாவும் என்னைப் போலவே உண்மை பேசுகிறவள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கைதவறிப் போட்டிருப்பாள் என்று நினைத்தேன்.

வீட்டம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அவளை மன்னித்திருப்பேன். முதலில் கழற்றியதைப் பூட்டி மெஷினை ஓடவிடச் சொன்னாள். மாமா பூட்டினார். தேங்கிய தண்ணீர் கடகடவென்று குழாய் வழியே வெளியே போனது. நான் கைதட்டினேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவள் அம்மாவிடம் சொன்னபோது, மெஷின் சரியாகிவிட்டதால் அம்மாவுக்கு லீவு என்று சந்தோஷப்பட்டேன். பிறகு அவள் அலமாரியைத் திறந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீயாவது பொய் சொல்லாம வளரு."

பஸ்ஸில் முழுப் பாக்கெட்டையும் நானே தின்றேன். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். ஏன் மாமா பொய் சொன்னே என்று நான் கேட்டதற்கு அம்மாதான் பதில் சொன்னாள். "துன்னுட்டு வாயத் தொடச்சுக்கோ." அவ்வளவுதான். அன்றைக்கும் சரி, சாகும்வரைக்கும் சரி, அந்த நாளைப் பற்றி அவள் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் தெருவில் பேச்சுப் பரவி, எந்த வீட்டிலும் அவளைச் சேர்க்கவில்லை. காசிமேட்டில் இறால் உரிக்கப் போனாள். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல்கள் வெடித்து, சோறு பிசையும்போது முகத்தைச் சுளிப்பாள். அவள் இறால் உரிக்கப் போன அதே வாரம் நீதிபோதனை வகுப்பில் டீச்சர் உண்மை பேசிய அனுபவம் யாருக்காவது உண்டா என்று கேட்டார். நான் எழுந்து நின்று மாமா பையில் ஒளித்ததிலிருந்து பிஸ்கட் வரை ஒன்று விடாமல் சொன்னேன். வகுப்பே கைதட்டியது.

எங்கள் வீட்டுப் பாத்திரத்துக்கு அம்மா அதற்குப் பிறகும் நார் சுருட்டினாள். ஆனால் பச்சை நூலைத் தொடவில்லை. பழைய துணியைக் கிழித்து, எல்லாரும் போடுகிற சாதாரண முடிச்சாகப் போட்டாள். இரண்டே நாளில் அவிழ்ந்து தட்டெல்லாம் நாராகிவிடும். முன்ன மாதிரி கட்டித் தொலையேன், இதுகூட மறந்துபோச்சா என்று நான் அவளிடம் சலித்துக்கொள்வேன். அவள் தட்டை வாங்கி மறுபடி அலசித் தருவாள்.