ஐஸ் கட்டியில் நின்ற ரப்பர்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் கண்டி மார்க்கெட் மீன் கடையில் வாங்கி, சாக்கில் சுற்றி, த்ரீவீலில் மடியில் வைத்து நான் கொண்டுவந்த அந்த ஐஸ் கட்டியைப் பற்றி யாராவது எழுதிவைக்க வேண்டும்.

எங்கள் டயர் தொழிற்சாலையில் ரப்பர் கலவையைப் பார்ப்பவர் கெலிஓயாவிலிருந்து வரும் மிஸ். பனி நாடுகளுக்கு டயர் செய்வதற்காக, பொடிப்பொடியாய்த் துளைகள் கொண்ட ஒரு ரப்பரை அவர் உருவாக்கினார். எங்களுக்கோ ரப்பரில் ஒரு குமிழ் இருந்தாலே அது கழிவு. வேலையை மேற்பார்க்கும் பாஸ், “மிஸ், நாம டயரு போடுறமா, ஆப்பம் சுடுறமா?” என்றார்.

மிஸ்ஸும் சிரித்துவிட்டார். “ஐஸ் மேல மெல்லிசா தண்ணி ஈக்கும் பாஸ். அதுலதான் வழுக்குற. இந்த ஓட்டையெல்லாம் அந்தத் தண்ணிய உறிஞ்சினா, ரப்பர் ஐஸ்ஸப் புடிச்சிக்கும்.”

முதலாளி ஒரே ஒரு சோதனைக்குத்தான் சம்மதித்தார். தவறினால் மிஸ்ஸின் இத்தனை நாள் உழைப்பும் குப்பைக்கு. பலகையில் ஐஸ் கட்டியை இறுக்கி, அதன்மேல் சாதாரண ரப்பர்த் துண்டையும் மிஸ்ஸின் துண்டையும் அருகருகே வைத்து, பலகையின் ஒரு முனையைத் தூக்கினேன். இரண்டும் ஒன்றாகவே சறுக்கி விழுந்தன. முதலாளி கார்ச் சாவியைக் கையில் எடுத்தார்.

மிஸ் தன் துண்டை முகர்ந்து பார்த்தார். “பாஸ், இதுக்குப் பொலிஷ் போட்டீங்களா?”

“முதலாளி பாக்க வாராரே, பளபளன்னு இருக்கட்டும்னு...” என்று இழுத்தார் பாஸ். யாருக்கும் காட்டுமுன் பொலிஷ் போடுவது எங்கள் வழக்கம். துளைகள் எல்லாம் அடைபட்டிருந்தன.

“பாஸ்ல பிழ இல்ல சேர். போட வாணாம்னு நான்தான் சொல்லல்ல” என்றார் மிஸ். முதலாளி பதில் சொல்வதற்குள் அரத்தை எடுத்து, துண்டின் மேல்தோலைச் சுரண்டித் துடைத்து, ஐஸ்மேல் வைத்தார்.

மறுபடி தூக்கினேன். சாதாரணத் துண்டு சறுக்கியது. மிஸ்ஸின் துண்டு நின்றது. “இன்னும் தூக்குங்க” என்றார் முதலாளி. அப்போதும் நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான், பலகையைப் பிடித்தபடியே “நிக்குது மிஸ்!” என்று கத்திவிட்டேன்.

அன்று மாலையே பாஸ் பொலிஷ் டின்னை மிஸ்ஸின் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். “இனி நீங்க சொன்னாத்தான்” என்று சாவியை அவரிடம் நீட்டினார்.

இப்போது அந்த டயர்கள் கப்பலேறுகின்றன. நாங்கள் யாரும் பனியைக் கண்டதில்லை. ஆனால் எங்கோ ஒரு வாகனம் பனி வீதியில் வழுக்காமல் நிற்கிறதென்றால், அதை நிறுத்துவது எங்கள் மிஸ்.

எழுதி முடித்தது, மழை விடாத ஓர் ஆடி மாத ஞாயிறு, மஹய்யாவ.