விட்ட ஊர்

ஸ்பிரிங்வேல் என்ற இந்த வெளிநாட்டு ஊரில் நான் மரக்கறி பொதி செய்யும் இடத்தில் என்னோடு பேசுகிறவர் ஒருவர்தான்: எதிரே நின்று கீரை கட்டும் சீனப் பெண். என் வயதுதான் இருக்கும். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. அதனால் பொய் சொல்ல வசதியில்லை.

பிறந்த ஊர் எது என்று ஒருநாள் கேட்டேன். அப்படியொரு மாவட்டம் இப்போது இல்லை என்றார். தென்சீனக் கடலோரம். அதில் ஒரு பங்கை வெள்ளைக்காரன் ஹொங்கொங் ஆக்கினான். மிச்சத்தை ஷென்ஜென் நகரம் விழுங்கிவிட்டது. அதற்கும் வெகுகாலம் முன்னே, கடலில் இருந்த எதிரிக்கு உதவி போகக் கூடாதென்று ஒரு பேரரசன் கரையோரச் சனத்தையெல்லாம் உள்ளே துரத்தினானாம். வீடுகளை எரித்து, மாவட்டத்தையே இல்லாமல் ஆக்கினானாம்.

எங்கள் ஊரும் கடற்கரைதான். பேரரசனுக்குப் பதில் இராணுவம், அவ்வளவுதான் வித்தியாசம். உடுத்த துணியோடு வெளிக்கிட்டோம். பின்னால் முள்வேலி அடைத்தார்கள்.

போன மாதம் தங்கை போன் எடுத்தாள். "அண்ணா, ஊரை விட்டிட்டாங்கள்" என்றாள். நாங்கள் விட்ட ஊரை இப்போது இராணுவத்தினர் விட்டிருக்கிறார்கள். எங்கள் காணி பற்றைக்காடாய்க் கிடக்கிறதாம். அகதி முகாமில் இருந்த குடும்பமொன்று அதில் கொட்டில் போட்டு இருக்கலாமா என்று கேட்கிறதாம். நான் திரும்பி வருவதென்றால் அவர்களை விடாமல் காணியை மறித்து வைப்பாளாம். படகில் அகதியாய் வந்தவன் நான். தற்காலிக விசாவோடு இந்த நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்ப உள்ளே வர முடியாது. அது அவளுக்கும் தெரியும். இருந்தும் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அப்பா வெட்டிய கிணற்றில் வேறு யாரோ குளிப்பதை நினைக்கவே பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணிடம், துரத்தப்பட்டவர்கள் திரும்பி வந்தார்களா என்று கேட்டேன். சில வருடத்தில் அனுமதி கிடைத்ததாம். வந்தவர்கள் கொஞ்சம். வெறுங்காணிகளில் மலைப்பக்கத்துச் சனத்தைக் கொண்டுவந்து குடியேற்றினார்களாம். யாரோ சிந்திய வேர்வையில் வந்து குந்தியவர்கள் என்று எரிச்சலோடு சொன்னேன். அவர் கீரைக் கட்டைக் கீழே வைத்தார். அவர்கள் தன் முன்னோர்கள் என்றார். அடுத்தவன் காணி என்று அறிந்து, அவனுக்கு மரியாதையாக, முதல் வேலையாகக் கிணற்றைத்தான் துப்புரவாக்கினார்களாம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று பின்னேரம், அறையில் தனியே இருந்து தங்கைக்குப் போன் எடுத்தேன்.

"அவையளை இருக்க விடு" என்றேன். "கிணத்தை இறைச்சுத் துப்புரவாக்கச் சொல்லு."

தங்கை கேட்டாள்:

"அப்ப நீங்கள் வரமாட்டியள், என்ன?"