நீலப் பொட்டு வைத்த சார்ஜர்கள்

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த பட்டறையில் எமர்ஜென்சி விளக்குகளுக்குச் சார்ஜர் செய்தோம். மின்வெட்டு கடுமையாக இருந்த வருடங்கள் அவை. செய்த பெட்டிகள் அன்றன்றே போய்விடும். நான் விழுப்புரத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருவேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள் என்பதால் சரிபார்க்கும் வேலை என்னுடையது.

அந்தச் சார்ஜரின் உள்ளே எட்டுக் கால் ஐ.சி. ஒன்று இருக்கும். வெளியே எத்தனை வோல்ட் போகிறது என்று அதற்குத் தெரியாது. அதன் ஒரு காலில் இரண்டரை வோல்ட் இருந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளும். குறைந்தால் கூட்டும், கூடினால் குறைக்கும். வெளியே போகும் வோல்ட்டில் ஒரு பங்கைத்தான் இரண்டு ரெசிஸ்டர்களும் ஒரு பிரிசெட்டும் அந்தக் காலுக்கு அனுப்பும். பிரிசெட்டின் தலையைச் சிறு திருப்புளியால் திருப்பினால் பங்கு மாறும், வெளிவரும் வோல்ட்டும் மாறும். மீட்டரில் 13.8 வரும்வரை திருப்பிவிட்டு, நகராமலிருக்க அதன்மேல் நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். மூன்று மேசைகள், மூன்று மீட்டர்கள், மூன்று பெண்கள், மூன்று நிறங்கள். பெட்டியைத் திறந்தால் யார் வைத்தது என்று தெரிந்துவிடும்.

நீலம் வைத்தவள் மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வந்தாள். பத்தாவது படித்தவள். அவள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனார்கள். நாள் முழுக்க ஐஸில் கை வைத்து நகம் ஊறிப் பிய்ந்துவிடும் என்பாள்.

“எங்க வூட்லயே பாலிஷ் வச்சிக்கிற மாதிரி நகம் எனக்கு மட்டுந்தான்க்கா” என்று விரல்களை விரித்துக் காட்டுவாள்.

இந்த வேலை போனால் அவளுக்கு அந்தக் கம்பெனிதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

திங்கட்கிழமைதோறும் நான் நிரப்ப வேண்டிய பட்டியலில் ஒன்பது வரிகள். மூன்றாவது வரி, மீட்டர்களின் பேட்டரி. மாற்று பேட்டரி தீர்ந்திருந்தது. கடைத்தெருவுக்குப் போகும்போது வாங்கலாம் என்று நினைத்து டிக் போட்டேன்.

“அக்கா, என் மீட்டர்ல பேட்டரி படம் வந்துகினே இருக்குது.”

“அடுத்த வாரம் மாத்திடறேன். நீ செய்.”

அடுத்த வாரமும் டிக் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு அவள் மற்ற இருவரிடமும் சொன்னாள்: “அக்கா டிக்கு மட்டும் ஜல்தியா போட்டுடுவாங்க. பேட்டரி பாவம், நடந்து வந்துகினு இருக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேட்டரி இறங்கினால் அந்த வகை மீட்டர் உள்ளதைவிட அதிகம் காட்டும். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவ்வளவு இறங்கியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அவள் முடித்த பெட்டிகளை நான் சோதித்ததும் அதே மீட்டரில்தான்.

இரண்டு மாதம் கழித்து வியாபாரி ஒருவர் எங்கள் சார்ஜர்களை அட்டைப் பெட்டிகளில் திருப்பிக் கொண்டுவந்தார். விளக்குகள் பத்து நிமிடம்கூட எரியவில்லை, உள்ளே பேட்டரிகள் கெட்டுவிட்டன என்றார். ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது அணைந்துவிட்டதாம். முதலாளி தன் அறையிலிருந்த மீட்டரை எடுத்து வந்து அளந்தார். பன்னிரண்டே முக்கால். அந்த வோல்ட்டில் பேட்டரி ஒருநாளும் முழுதாக நிரம்பாது. எல்லாவற்றிலும் நீலப் பொட்டு, உடையாமல்.

“கண்ணை எங்க வச்சிக்கினு திருப்பின நீ?” என்றார் முதலாளி.

“13.8 தான் சார் காட்டுச்சு. மீட்டர்தான் சரியில்ல. அக்காகிட்ட ரெண்டு வாட்டி சொன்னேன்.” அவள் என் பக்கம் திரும்பினாள். “சொல்லுங்கக்கா.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வாரமும் டிக் இருந்தது.

“மீட்டரைக் கொண்டாம்மா, பாப்போம்.”

கொண்டுவந்து ஆன் செய்தேன். ஓய்ந்து கிடந்த மீட்டரில் பேட்டரி படம் உடனே வராது, சிறிது நேரம் ஓடிய பிறகே மூலையில் தோன்றும். வெற்றுச் சைபர்களை முதலாளியிடம் காட்டினேன். அவர் தலையாட்டியதும் அணைத்தேன்.

“இன்னும் கொஞ்ச நேரம் வச்சிப் பாருங்கக்கா” என்றாள் அவள், மெதுவாக.

“படிச்ச பொண்ணு எழுத்துல வச்சிக்கினு இருக்குது. உனுக்கு வாய் வேறயா?” என்றார் முதலாளி. சாயங்காலம்வரைகூட அவளை இருக்கவிடவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். அதை இன்னும் திறந்திருக்கவில்லை.

மறுநாள் காலை ரயிலடியிலிருந்து வரும் வழியில் பேட்டரி வாங்கி, யாரும் வருவதற்குள் மாற்றினேன். அதன் பிறகு ஒரு பெட்டியும் திரும்பி வரவில்லை.

“பாத்தியாம்மா, அது போனதும் எல்லாம் சரியாயிடுச்சு” என்று முதலாளி பல தடவை சொன்னார். ஆமாம் சார் என்றேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு பௌர்ணமி நாளில் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். திருவக்கரை கோயிலுக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டத்தில் பூக்கவரோடு நின்றிருந்தாள். நான்தான் அருகில் போனேன். எங்கே வேலை என்று கேட்டேன். பதிலுக்கு விரல்களை விரித்துக் காட்டினாள், முன்பு போலவே. நுனிகள் வெளுத்து வீங்கியிருந்தன. இரண்டு விரல்களில் நகமே இல்லை.

மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

“மீட்டருக்கு பேட்டரி மாத்தினீங்களாக்கா?”

“மாத்தினேன்.”

“எப்ப?”

“நீ போன மறுநாளே.”

பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியது. படியில் ஏறியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

“அதுக்கு டிக்கு போட்டீங்களா?”

போடவில்லை. அந்த வாரத்துக்கான டிக் ஏற்கெனவே அங்கே இருந்தது.