அந்தக் கம்ப்யூட்டரில் ரெண்டு பக்கமும் சத்தம் வருமா?

கம்ப்யூட்டர் கடையில் ஃபேனை நிறுத்தச் சொன்ன முதல் கஸ்டமர் நான்தானாம். கடைக்காரத் தம்பி சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

போன சனிக்கிழமை மத்தியானம். சிவகாசி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? அந்த வெயிலில் கம்ப்யூட்டர் வாங்கப் போனேன். டி.வி.க்குக் கீழே வைத்துப் படம் பார்க்க, ஸ்பீக்கரெல்லாம் மாட்ட... ஹோம் தியேட்டர் என்கிறார்களே, அதற்கு. பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் பண்ணினால் மலிவு என்றாள் இன்ஜினியரிங் படிக்கிற மகள். நான் சம்மதிக்கவில்லை. ரிப்பேர் என்று போனால் ஒருத்தன் இன்னொருத்தனைக் கையைக் காட்டுவான். நான் யார் சட்டையைப் பிடிப்பது? கம்பெனியிலேயே ரெடியாகப் பூட்டி வருகிற பெட்டிதான் வேண்டும் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டேன்.

“அண்ணாச்சி வரலையா மதினி? என்ன கான்பிகரேஷன்னு சொல்லி விட்டாகளா?” என்றார் தம்பி.

அண்ணாச்சி என்றால் என் வீட்டுக்காரர்.

“அவுகளுக்காகத்தான் வாங்க வந்திருக்கேன். அவுகளுக்குத் தெரியாது” என்றேன்.

தம்பி உற்சாகமாகிவிட்டார். ராம் இவ்வளவு, ஹார்ட் டிஸ்க் அவ்வளவு, கீபோர்டு ஃப்ரீ, மவுஸ் ஃப்ரீ, ஒரு பை கூட ஃப்ரீ! அட்டைப் பெட்டி மேலே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சோபாவில் உட்கார்ந்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறது.

எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கள் பட்டாசு கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் செக்‌ஷன் என் பொறுப்பு என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அட்டையில் ராக்கெட் பறக்கும்... உள்ளே அடியில் பாம்பு மாத்திரையும் சாட்டையும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். எதை மேலே வைத்தால் கை தானாக நீளும் என்று எனக்கா தெரியாது?

“பெட்டி போடுறவகிட்டயே பெட்டியை விக்கப் பாக்கீகளே தம்பி! ஃப்ரீயை எல்லாம் ஓரமா வைங்க. எனக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு. ஓடுற சத்தம் வெளியே கேக்கக் கூடாது. ஸ்பீக்கர்லயும் ஹெட்போன்லயும் ஒரே நேரத்துல சவுண்ட் வரணும்.”

“எதுக்கு மதினி ரெண்டுலயும்?”

கடையில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் வருஷக்கணக்காக ஒவ்வொரு லோடுக்கும் சாம்பிள் வெடியைத் தன் கையால் கொளுத்திப் பார்த்தவர். அவர் தலையாட்டினால்தான் சரக்கு வெளியே போகும். அதற்கு விலையாகக் காதைக் கொடுத்திருக்கிறார். ஒப்புக்கொள்வாரா? “எனக்கா காது கேக்கலை? ஊசி வெடி வெடிச்சாக்கூடக் கேக்கும்!” என்பார். வெடி கேட்கும். வசனம்தான் கேட்காது!

அவர் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார், மகள் காதைப் பொத்துவாள், நான் கத்துவேன். ஒருநாள் ரிமோட்டை எங்களிடமே கொடுத்துவிட்டார். அதிலிருந்து படம் போட்டால் பத்து நிமிஷம் உட்காருவார், எழுந்து மாடிக்குப் போய்விடுவார். மனுஷன் ஒரே வீட்டுக்குள் தனிக்குடித்தனம் போய்விட்டார். எனக்குத் தாங்கவில்லை.

முதல் கம்ப்யூட்டரில் ஹெட்போனைச் சொருகியதும் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது. “ஒண்ணு இதுல கேக்கணும், இல்லேன்னா அதுல. அப்படித்தான் மதினி வரும்” என்றார் தம்பி. அப்படியா? அடுத்ததை எடுங்கள்! அடுத்ததில் ரெண்டும் பேசின. ஆனால் உள்ளே ஏதோ உறுமுகிற மாதிரி இருந்தது. கடை ஃபேன் சத்தமா, கம்ப்யூட்டர் சத்தமா என்று புரியவில்லை. அப்போதுதான் எல்லா ஃபேனையும் நிறுத்தச் சொன்னேன். கடையே வியர்த்து ஒழுகியது. உறுமினது கம்ப்யூட்டர்தான்.

மூலையில் டி.வி.டி. பிளேயர் மாதிரி தட்டையாக ஒன்று படுத்திருந்தது. “அது போன சீசன் மாடல் மதினி, ராம் கம்மி” என்று தடுத்தார். ஓட்டச் சொன்னேன். ஓடுகிறதா என்று குனிந்து விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஸ்பீக்கருக்குத் தனித் திருகு, ஹெட்போன் ஒயரில் தனித் திருகு, ரெண்டிலும் சத்தம். பில் போடுங்க என்றேன்.

ராம் எவ்வளவு இருக்கு, டிஸ்க் எவ்வளவு இருக்கு என்றுதான் எல்லாரும் கேட்டு வாங்குகிறோம். அதன் முன்னால் உட்காரப் போவது யார் என்று எத்தனை பேர் யோசிக்கிறோம்?

சரி, வாங்கியாச்சு. அவர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டுமே! காது மந்தம் என்று ஜாடை காட்டினாலே அன்றைக்குச் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹெட்போனைக் கையில் கொடுத்தேன்.

“ஏங்க, புதுச் சரக்கு. டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க. சரியில்லேன்னா நாளைக்கே திருப்பிருவோம்.”

டெஸ்ட் என்றதும் முதுகு நிமிர்ந்துவிட்டது! வாங்கி மாட்டினார். திருகை அங்கே இங்கே உருட்டினார். “ம்... பரவாயில்லை” என்றார். மகள் ஒரு காமெடிப் படத்தைப் போட்டாள். ஸ்பீக்கரை எங்களுக்குப் போதுமான அளவு வைத்துக்கொண்டோம். நான் படத்தையா பார்த்தேன்? அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் தாண்டியது. எழுந்திருக்கவில்லை.

ஒரு இடத்தில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். அவர் மட்டும் சட்டென்று நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

“இம்புட்டு நாளும் நீங்க சிரிச்சீக, நானும் கூடச் சேந்து சிரிச்சேன்... எதுக்குன்னே தெரியாம!”

ஹெட்போன் மாட்டினவருக்குத் தன் குரல் எங்கே தெரியும்? போட்ட சத்தத்தில் வீடே அதிர்ந்தது. மகள் எழுந்து போய் அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதறிப்போய்க் கேட்டார்: “என்னம்மா, வீட்டுல சண்டையா?”

“சண்டை இல்லக்கா... எல்லாருமாப் படம் பாக்கோம்!”