செங்கப்பள்ளியில் நொண்டிய பியட்டும் மூன்றாவது பிளக்கும்

கோவையிலிருந்து ஈரோட்டுக்குப் பழைய காரில் போகலாமா, வழியில் மக்கர் செய்தால் என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். நானே போய், நின்று, மறுபடி கிளம்பியிருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம், என் மைத்துனன் கல்யாணத்துக்குப் போன பயணம் அது.

கார், எனக்கு முன்பே இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த பியட். பீளமேட்டில் எங்கள் வீட்டிலிருந்து ஈரோட்டு மண்டபம் சுமார் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினால் ஐந்துக்குள் போய்விடலாம். இரவு ஏழு மணிக்கு இணைச்சீர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையோடு பிறந்தவள் அவன் அருகே நின்று செய்ய வேண்டிய சீர் அது. மாப்பிள்ளைக்கு என் மனைவி பூங்கொடியை விட்டால் வேறு அக்கா தங்கை கிடையாது. நேரத்துக்கு வராவிட்டால் பெரியப்பா மகளை நிறுத்திச் செய்துவிடுவார்கள். முகூர்த்தம் யாருக்கும் காத்திருக்காது. பூங்கொடிக்கு அந்த நினைப்பே ஆகாது. நிச்சயம் ஆன நாளிலிருந்து அவள் பேச்செல்லாம் இந்தச் சீரைப் பற்றித்தான்.

அந்தச் சந்தோஷத்தில் காலையில் காருக்கு அவளே பூஜை போட்டாள். கோயமுத்தூரில் இயந்திரம் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பொட்டும் உண்டு. தறி, பம்புசெட், கிரைண்டர் எதுவும் தப்பாது. பானெட்டைத் திறந்து பேட்டரி, ரேடியேட்டர் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் வைத்தாள். எங்கள் கல்யாணத்தில் எனக்குக்கூட அவ்வளவு சந்தனம் கிடைக்கவில்லை.

அவிநாசி வரை வண்டி தேனாக ஓடியது. செங்கப்பள்ளி நெருங்கும்போது குலுங்கத் தொடங்கியது. இதை மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்பார்கள். நான்கு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யாமல் சும்மா சுற்றும்.

"ஏனுங்க, வண்டி என்னமோ நொண்டுதுங்களே."

"ஒண்ணுமில்ல அம்மணி, பெட்ரோல்ல தூசியா இருக்கும்" என்று ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். தூசி என்றால் வேகமாகப் போகும்போதுதான் திணறும். இது நின்ற இடத்திலேயே ஒரே சீராக நொண்டியது. எனவே பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருகிற ஸ்பார்க் பிளக் பக்கம் பார்த்தேன்.

இன்ஜினை ஓடவிட்டு, உலர்ந்த துணியால் பிடித்து பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். முதலாவதைக் கழற்றினேன், நொண்டல் கூடியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது சத்தத்தில் மாற்றமே இல்லை. அதுதான் சோம்பேறி. அந்த வயரின் நுனியை இன்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் காட்டினேன், பொறி பளிச்சென்று வந்தது. வயரில் குற்றமில்லை என்றால் பிளக்தான். கழற்றி, முனையிலிருந்த கரியைச் சுரண்டி, துடைத்து மாட்டினேன். பழையபடி நொண்டியது. அதை முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டேன். நொண்டலும் கூடவே முதல் சிலிண்டருக்கு வந்தது. பிளக் செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். மாற்று பிளக் கையில் இல்லை. ஒவ்வொரு முறையும் சூடு ஆறக் காத்துக் கழற்றி மாட்டியதில் மணி ஐந்தைத் தாண்டிவிட்டது.

டீக்கடை அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணாலத்துக்குங்களா கண்ணு? இந்தா ஈரோட்டு பஸ்ஸு வருது, கை காட்டறேன், நீங்க ஏறிக்குங்க."

நானும் போகச் சொன்னேன். பூங்கொடி பஸ்ஸையும் என்னையும் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "வேண்டாமுங்க. புருசனை ரோட்டுல உட்டுப்போட்டு வந்துட்டான்னு பேசுவாங்க" என்றாள். பஸ் போய்விட்டது. எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, பாசமும் வந்தது.

மனம் கேட்காமல் இன்ஜினை மறுபடி ஓடவிட்டேன். பானெட் நிழலுக்குள் குனிந்தவள், "ஏனுங்க, அந்தப் பொட்டுல நீலமா என்னமோ மின்னுது" என்றாள்.

பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் அவள் வைத்த பொட்டு. மற்ற மூன்றிலும் லேசாக இருந்தது, இதில் தாராளம். சூட்டில் சந்தனம் கருகி, மேலிருந்து கீழ்வரை ஒரு கரிக்கோடு விழுந்திருந்தது. மின்சாரம் உள்ளே போய்ப் பொறியாகாமல் அந்தக் கோட்டின் வழியே இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு முறை அந்தப் பிளக்கைக் கழற்றியிருக்கிறேன். சாமிக்கு வைத்த பொட்டு கலையக்கூடாது என்று அதன்மேல் கை படாமல், அவ்வளவு பக்குவமாக.

இன்ஜினை அணைத்தேன். "கண்ணாலத்துக்குப் போறப்பப் பொட்டை அழிக்கறதுங்களா?" என்று தயங்கினாள்.

"அழிக்க வேண்டாம், எடம் மாத்தி வெச்சுக்கலாம்."

சூடு ஆறியதும், பெட்ரோலில் நனைத்த துணியால் அவளே நான்கையும் துடைத்தாள். பிறகு குங்குமச் சிமிழை எடுத்து ஸ்டீயரிங்கில் ஒரு பொட்டு வைத்தாள். இன்ஜின் முதல் திருப்பலிலேயே சீராக ஓடியது. டீக்கடை அம்மா சிரித்துக்கொண்டே இரண்டு டீ கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பழைய காரில் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: டிக்கியில் ஒரு மாற்று பிளக்கும் பிளக் ஸ்பேனரும் உலர்ந்த துணியும் இருக்கட்டும். வயர்களைக் கழற்றிப் பார்க்கும்போது வெறுங்கை வேண்டாம், ஷாக் அடிக்கும். பூஜை அவசியம் போடுங்கள், ஆனால் பீங்கானை விட்டுவிடுங்கள். கூட வருகிறவர் எதையாவது காட்டினால் உடனே குனிந்து பாருங்கள்.

மண்டபம் போய்ச் சேர்ந்ததைச் சொல்லவில்லையே. ஏழு அடிக்கக் கொஞ்சம் முன்னால் இறங்கினோம். உள்ளே பெரியப்பா மகள் பட்டு கட்டித் தயாராக இருந்தாள். மாப்பிள்ளை மட்டும் உள்ளே போக மாட்டேன் என்று மாலையோடு வாசலிலேயே நின்றிருந்தான்.

"ஏனக்கா, இத்தன நேரமா?" என்றான்.

பூங்கொடி கரி படிந்த விரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். "பொட்டு வெச்சுட்டு வர நேரமாயிருச்சு கண்ணு, வா போலாம்" என்று அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.