ஆரஞ்சு விளக்குக்கு வைத்த பொட்டு

1. மூன்றாவது பேட்டரி

"மேடம், இதுவும் நிக்க மாட்டேங்குது. ரெண்டு மணி நேரம் கூட வரல. மூணாவது பேட்டரி இது."

வெள்ளிமலையிலிருந்து அண்ணாமலை போன் செய்தார். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மூன்று பழைய கம்ப்யூட்டர்களை வைத்து சென்டர் நடத்திக்கொண்டிருந்தவர். விண்ணப்பம் பூர்த்தி செய்ய, பட்டா பார்க்க, பரீட்சை ரிசல்ட் பார்க்க மலையில் இருந்தவர்களுக்கு அப்போது அந்த இடம்தான் கதி. மலையில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆகவே சென்டரின் உயிர் மூலையில் இருந்த இன்வெர்ட்டர் பேட்டரியில் இருந்தது.

நான் கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவள். பெயர் கலைச்செல்வி. கடைக்கு முதல் தடவை வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு "இன்ஜினியர் எப்பங்க வருவாரு?" என்று கேட்பார்கள். "வந்துட்டாரு, சொல்லுங்க" என்பேன். இந்தத் தொழிலில் எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் ஜாஸ்தி. அதனால் கெட்டது ஒரே ஒரு தடவைதான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இது உதவும்.

டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை காலை பஸ் ஏறினேன். சென்டருக்குள் நுழைந்ததுமே நோய் தெரிந்துவிட்டது. மூன்று மேஜையிலும் மூன்று பெரிய டியூப் மானிட்டர்கள். எந்த கம்ப்யூட்டரிலும் ஆள் இல்லை. ஆனால் மூன்றிலும் மாரியம்மன் படம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அம்மனுக்கு முன்னால் ஒரு விளக்குச் சுடர் ஆடியது, மேலேயிருந்து பூ விழுந்தது. ஸ்கிரீன் சேவர்.

"இது எவ்ளோ நேரமா ஓடுது?"

"காலையில தொறந்ததுல இருந்து சாத்துற வரைக்கும் ஓடும். ஆளு உட்கார்ந்தா மறையும், எழுந்தா வந்துடும். கரண்டு மிச்சம் பண்ணத்தான் போட்டேன்."

"இதுல இன்னா மிச்சம்?"

"இன்னா மேடம் இப்படிக் கேக்குறீங்க, பேர்லயே சேவர்னு இருக்குதே."

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் கள்ளக்குறிச்சியில் பெரிய ஆபீசில் இருந்தவர்களே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கிரீன் சேவர் காப்பாற்றுவது திரையை. ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் டியூப்பில் தழும்பு விழும், அது விழாமல் பார்த்துக்கொள்ளும். கரண்ட்டைப் பொறுத்தவரை மானிட்டருக்கு அம்மன் படமும் ஒன்றுதான், விண்ணப்பமும் ஒன்றுதான். கிட்டத்தட்ட எண்பது வாட் இழுக்கும். மூன்று மானிட்டரும் ஆள் இல்லாமல் பூ தூவிக்கொண்டிருந்தால் எந்த பேட்டரி தாங்கும்?

2. நான் போட்ட மென்பொருள்

பையில் ஒரு சிடி வைத்திருந்தேன். அதில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஸ்கிரீன் சேவர் ஒன்று. வேலை எளிது. யாரும் கீயைத் தொடாமல் ஐந்து நிமிடம் ஆனால் மானிட்டருக்கு 'தூங்கு' என்று சிக்னல் கொடுக்கும். திரை முழுக்கக் கருப்பாகும். மானிட்டரின் கீழ் மூலையில் இருக்கும் பச்சை விளக்கு ஆரஞ்சாக மாறும். எண்பது வாட் ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். மவுஸை அசைத்தால் விட்ட இடத்திலிருந்து எழுந்துவிடும். சிபியுவையும் தூங்க வைக்கும் வசதி அதில் உண்டு. அதை நான் போடவில்லை. பழைய மதர்போர்டு சிலது தூங்கினால் எழாது. அது தெரிந்துதான் விட்டேன்.

மூன்றிலும் போட்டுவிட்டு, கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை இன்வெர்ட்டர் ஒயரில் மாட்டி அண்ணாமலைக்குக் காட்டினேன். முள் பாதிக்கு இறங்கியதைப் பார்த்து அவருக்கு வாய் திறந்துகொண்டது. ஆனால் முகம் தெளியவில்லை.

"எல்லாம் சரிதான் மேடம். சாமிய இருட்டுல வெச்ச மாதிரி இருக்குது."

"சுவத்துல படம் மாட்டியிருக்கீங்க இல்ல? சாமி அங்க இருக்கட்டும். பெட்டியில வேலை நடக்கட்டும்."

சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

புதன்கிழமை அண்ணாமலை போன் செய்தார். பேட்டரி நாலு மணி நேரம் நிற்கிறதாம். "ஆனா ஒண்ணு மேடம். ஜனங்க அடிச்சி வெச்சது அப்பப்ப காணாம போயிடுது. பொட்டி தானா அணைஞ்சி அணைஞ்சி எரியுது."

"தானா அணையாது. நடுவுல நடுவுல சேவ் பண்ணச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையில் அப்போது நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

3. வெள்ளிக்கிழமை மூன்றரை மணி

வெள்ளிக்கிழமை மலையில் இன்னொரு இடத்தில் பிரிண்டர் வேலை இருந்தது. அதை முடித்துவிட்டு அண்ணாமலையையும் பார்த்துவிடலாம் என்று போனேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு மலைப்பாதையில் ஒரு மரம் லைன் மேல் சாய்ந்துவிட்டதாம். அப்போதிலிருந்து வெள்ளிமலையில் கரண்ட் இல்லை. சென்டர் பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் கோவிந்தன் என்கிற பெரியவர். மடியில் பட்டா நகலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்னொருத்தி மல்லிகா, முப்பதை நெருங்கும் பெண். செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட வந்திருந்தாள். மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டே பன்னிரண்டாவதைத் தனியாக எழுதித் தேறியவள்.

"இன்னிக்கு அஞ்சு மணிக்கு முடிஞ்சிடும்க்கா" என்றாள் என்னிடம். "அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். இதை விட்டா காடுதான்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பியிருந்தாள். டெலிபோன் லைனில் வரும் இன்டர்நெட். ஒரு பக்கம் திறக்க நாலைந்து நிமிடம் பிடிக்கும். நடுவில் சேவ் செய்ய வழியில்லாத படிவம் அது, கடைசிப் பக்கத்தில் அனுப்பினால்தான் உண்டு. சாதிச் சான்றிதழ் எண் கேட்டது. சான்றிதழ் வீட்டில். அண்ணனைப் படிக்கச் சொல்லிக் கேட்டு வருகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு டவர் கிடைக்கும் மேட்டுக்கு ஓடினாள்.

நான் அடுத்த மேஜையில் ஒரு சிபியுவைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாமலை வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் ஆனது. மல்லிகாவின் திரை நான் சொல்லி வைத்தபடியே சமர்த்தாகக் கருப்பானது.

கோவிந்தன் சட்டென்று எழுந்தார். அவர் வயதுக்கு அவ்வளவு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நேராகச் சுவரோரம் போய் சுவிட்ச்சைப் பட்டென்று அணைத்தார்.

நான் ஸ்குரூ டிரைவரைப் போட்டுவிட்டு எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மேஜைக்கு அடியில் சிபியு விசிறி நிற்கும் சத்தம் கேட்டது.

"இன்னாங்க பண்ணீங்க?"

"பேட்டரி தீந்துபோச்சும்மா. பொட்டி கருப்பாயிடுச்சி பாரு. கரண்டு திரும்ப வரும்போது மொத்தமா வரும். என் வூட்டு டிவி அப்படித்தான் பொகைஞ்சி போச்சி. நல்லவேள, நான் பார்த்தேன்."

அவர் முகத்தில் ஓர் உதவி செய்த திருப்தி. எனக்கு வந்த கோபத்தை வாய்வரைக்கும் கொண்டுவந்து விழுங்கினேன். ஏனென்றால் அவர் செய்தது சரி. மலையில் இருக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். விளக்கு அணைந்தால் முதல் வேலை சுவிட்ச்சை அணைப்பது. போன கரண்ட் நல்லபடியாகத் திரும்பி வராது என்பதை டிவியும் மிக்சியும் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டவர்கள். கருப்பானால் கரண்ட் போய்விட்டது என்பதே அவர்களுடைய அனுபவம். அந்த ஊரில் திரையைக் கருப்பாக்கும் மென்பொருளைப் போட்டுவிட்டு, கருப்பானால் என்ன அர்த்தம் என்று ஒருவருக்கும் சொல்லாமல் வந்தவள் நான். புதன்கிழமை காணாமல் போனதெல்லாம் எப்படிப் போனது என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

மல்லிகா மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். எண்ணை உள்ளங்கையில் எழுதியிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அழவில்லை, கத்தவில்லை. கையைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முதல்ல இருந்தா?"

"முதல்ல இருந்துதான். தப்பு என்னோடது. உட்காரு, முடிச்சிடலாம்."

4. எண்பது வாட்டோடு ஒரு சண்டை

சொல்லிவிட்டு பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். மதியத்திலிருந்து ஓடிய பேட்டரி. மானிட்டர் எரிந்துகொண்டே இருந்தால் முக்கால் மணி நேரம்கூட வராது. விண்ணப்பத்துக்கு எப்படியும் ஒரு மணி நேரம் வேண்டும். மற்ற இரண்டு கம்ப்யூட்டரையும் பிடுங்கினேன். பிரிண்டரையும் பிடுங்கினேன். அப்படியும் போதவில்லை.

"இந்தக் கருப்பாக்குறத எடுத்துடுங்க மேடம்" என்றார் அண்ணாமலை. "இதால வந்த வினைதானே."

"எடுக்கக் கூடாது. இன்னிக்கு இவளக் காப்பாத்தப் போறதே அதுதான்."

கணக்கு எளிது. ஒரு மணி நேரத்தில் மல்லிகா கீயைத் தட்டுவது இருபது நிமிடம். மீதியெல்லாம் பக்கம் திறக்கக் காத்திருப்பது. காத்திருக்கும் நேரத்துக்கு எதற்குத் திரை? ஐந்து நிமிடத்தை ஒரு நிமிடமாகக் குறைத்தேன். ஒரு பக்கத்தை நிரப்பி அடுத்ததை அழுத்தியதும் கையை எடுத்துவிட வேண்டும். திரை தூங்கும், சிபியு உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். நாலு நிமிடம் கழித்து மவுஸைத் தொட்டால் பக்கம் தயாராக இருக்கும்.

பிரச்சினை ஒன்றுதான். ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை திரை கருப்பாகும். சென்டருக்கு ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். எத்தனை பேர் கையைப் பிடிப்பது?

அண்ணாமலை சுவரில் இருந்த மாரியம்மன் படத்துக்குக் கீழே போனார். குங்குமத்தை மோதிர விரலில் தொட்டு வந்து, மானிட்டர் மூலையில் அந்த ஆரஞ்சு விளக்குக்கு மேலே ஒரு பொட்டு வைத்தார். பிறகு அங்கே இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்.

"சாமி கண்ண மூடிக்கினு இருக்குது. இந்த வெளக்கு எரியற வரைக்கும் உள்ள உசுரு இருக்குது. ஒருத்தரும் சுவிட்ச்சு பக்கம் போவாதீங்க."

நான் கிளாம்ப் மீட்டர் வைத்து அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் அவ்வளவு சீக்கிரம் புரிந்திருக்காது. கோவிந்தன் பெஞ்சை இழுத்துப்போட்டு சுவிட்ச் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். குடையைக் குறுக்கே வைத்துக்கொண்டார். உள்ளே வந்த ஒருவர் கருப்புத் திரையைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"எட்டப் போ. உசுரோடதான் இருக்குது, தூங்கிக்கினு இருக்குது" என்று பெரியவர் குடையாலேயே தள்ளினார்.

நாலு பக்கம், ஐந்து பக்கம், போட்டோ, கையெழுத்து. நாலரைக்கு, பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. மல்லிகா தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "அதைக் கேக்காத, கட்டத்தைப் பாரு" என்றேன். கடைசிப் பக்கத்தை அனுப்பிவிட்டுக் கையை எடுத்தாள். திரை கருப்பாகி, பொட்டுக்குக் கீழே ஆரஞ்சு எரிந்தது. அந்த நாலு நிமிடமும் இன்வெர்ட்டர் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

மவுஸை அசைத்தாள். விண்ணப்ப எண் வந்திருந்தது.

பிரிண்ட் எடுக்கக் கரண்ட் இல்லை. உள்ளங்கையில் சான்றிதழ் எண்ணுக்குக் கீழேயே அதையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து இரண்டு நிமிடத்தில் எல்லாம் அணைந்தது. இந்தத் தடவை நிஜமாகவே அணைந்தது. கோவிந்தன் என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்ப அணைக்கலாமா?" என்று உத்தரவு கேட்டுவிட்டு சுவிட்ச்சைப் போய் அணைத்தார்.

5. கை வைக்காதீங்க

அதற்குப் பிறகு எந்த ஊரில் பவர் சேவர் போட்டாலும், சாஃப்ட்வேரை ஓட்டிக் காட்டியதோடு நான் கிளம்புவதில்லை. திரை கருப்பாகும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். கருப்பானதும் அங்கே இருப்பவர்களின் கை எங்கே போகிறது என்று பார்ப்பேன். களமருதூரில் ஒருவர் மானிட்டர் மண்டையில் தட்டினார். ஒரு ஆபீசில் ஓர் அம்மா பிளக்கைப் பிடுங்கி ஊதினார். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் அந்த இடத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

டியூப் மானிட்டர்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. போன மாதம் ரிஷிவந்தியம் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று கூப்பிட்டார்கள். தட்டை மானிட்டர்தான், அதுவும் பழசு. திரை கருப்பாக இருந்தது. சிபியுவைத் திறக்க வேண்டும், அணைத்துவிடலாம் என்று வழக்கம்போல சுவிட்ச்சுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. நர்ஸ் உடை. ஊசி போட வரிசையில் நின்ற குழந்தைகளை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"கை வைக்காதீங்க மேடம். அணையல, தூங்கிக்கினு இருக்குது. காலையில இருந்து ஏத்துனது எல்லாம் உள்ள இருக்குது."

மானிட்டர் மூலையைப் பார்த்தேன். ஆரஞ்சு விளக்குக்கு மேலே குங்குமப் பொட்டு இருந்தது.

என் முகத்தை அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். பிடித்த கையை விடவில்லை. அன்றைக்கு விண்ணப்ப எண்ணை எழுதிக்கொண்ட அதே கை. பிறகு அவள் மவுஸை அசைத்து, செய்ததையெல்லாம் சேவ் செய்துவிட்டு, "இப்ப அணைக்கலாம்க்கா" என்றாள்.